கடிகாரத்தை விட்டு மேடையைப் பாருங்கள்

ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ கொழும்புப் புகையிரதத்துக்குக் காத்திருப்பவர்கள், கடிகாரத்தைப் பார்ப்பதை விட மேடையில் நடமாடும் ஊழியர்களைக் கவனிப்பது நல்லது. மட்டக்களப்புப் பாதை ஒற்றைத் தண்டவாளம் என்பதால், வண்டியை அனுப்பும் நிலையம் அடுத்த நிலையத்தின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும்; அதனால் வண்டி வரப்போவது ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆகவே, நிலைய அதிபர் கொடியோடு வெளியே வருவதும், பொதிகள் ஏற்றிய கைவண்டி மேடையின் ஓரத்துக்கு உருட்டப்படுவதும், தாமதமான நாட்களில் நேர அட்டவணையை விட நம்பகமான அறிகுறிகள். அதுவரை பிள்ளைகளையும் முதியவர்களையும் வெயிலில் நிறுத்தி வருத்தத் தேவையில்லை, நிழலிலேயே இருக்கட்டும். கைவண்டி நிற்கும் இடத்தில் பெரும்பாலும் பொதிப் பெட்டியே வந்து நிற்கும் என்பதால், சற்று விலகி நின்றால் ஏறுவது சுலபம். சரக்கு வண்டிக்கும் கொடி பிடிப்பார்கள்; எழும்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி புறப்படும் இடமான மட்டக்களப்பு நிலையத்துக்கு இக்குறிப்பு பொருந்தாது. அங்கே நேரத்தோடு போய்விட வேண்டும்.