முதல் கிரைம் நாவல் எழுதப் போகிறீர்களா? குற்ற உணர்விலிருந்து தொடங்குங்கள்

பதின்வயதினருக்கு கிரைம் கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பிணத்தைத் தேடுகிறார்கள். குற்ற உணர்வைப் பற்றிய கதையில் தப்பு செய்தவன் யார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடலாம். எப்போது வாயைத் திறப்பான் என்ற பதைப்பு போதும், வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்.

படி 1: தப்பு அன்றாடமானதாக இருக்கட்டும்

பிளஸ் டூ பையன், வயது 17. விடியற்காலை டியூஷனுக்கு அப்பாவின் ஸ்கூட்டரில் போகிறான். திருப்பத்தில் சைக்கிளில் வந்த பால்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறான். இவ்வளவு போதும்.

படி 2: சட்டத்தைப் படியுங்கள்

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தேவையான கவனமெல்லாம் எடுத்தேன் என்றோ நிரூபித்தால் மட்டும் அப்பா தப்பலாம்.

இப்போது பாருங்கள். சாவியை அப்பா கொடுத்தாரா, ஆணியில் தொங்கியதை இவனே எடுத்தானா? சட்டம் கேட்கிற இந்தக் கேள்விதான் உங்கள் கதையின் முடிச்சு. கொடுத்தார் என்றே வையுங்கள். உண்மையைச் சொன்னால் அப்பா உள்ளே போவார்.

அப்புறம், கூண்டு, கைவிலங்கு காட்சிகளை விட்டுவிடுங்கள். இவனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அழைத்து வரும் போலீஸ்கூட சீருடையில் இருக்கக் கூடாது.

படி 3: உறுத்தலை ஒரு பொருளில் வையுங்கள்

"மனம் துடித்தது" என்று பத்து முறை எழுதினாலும் ஒட்டாது. உடைந்த இண்டிகேட்டரின் ஆரஞ்சுச் சில்லு ஒன்று பையனின் பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். துவைக்க எடுத்த அம்மா அதை என்னவோ என்று ஜன்னல் திட்டில் வைக்கிறாள். நாலு அத்தியாயம் அது அங்கேயே கிடக்கட்டும். தினமும் காலையில் அப்பா அதன் பக்கத்தில் நின்று ஷேவ் செய்யட்டும்.

படி 4: மன்னிப்பைச் சுலபமாகக் கொடுக்காதீர்கள்

மனுநீதிச் சோழன் கதையில் தேர்க்காலில் கன்று சிக்கியதும் இளவரசன் பதறிப்போய், பரிகாரம் கேட்க அந்தணர்களைத் தேடிப் போகிறான். நமக்கு நினைவில் நிற்பது மணியும் அப்பாவின் தீர்ப்பும்தான். நீங்கள் அந்தப் பையன் போன வழியை எழுதுங்கள்.

பால்காரர் பிழைக்கட்டும், ஆனால் "பரவாயில்லை தம்பி" என்று சொல்ல வேண்டாம். அவர் படுத்திருக்கும் நாளெல்லாம் பையன் சைக்கிளில் அவருடைய வாடிக்கை வீடுகளுக்குப் பால் ஊற்றட்டும்.

குழுமத்தின் முன் அவன் பாதி உண்மைதான் சொல்வான்: "அப்பாவுக்குத் தெரியாது, நானே எடுத்தேன்." பின்னால் நாற்காலி நகரும் சத்தம்.

"இல்லைங்க. சாவிய நான்தான் குடுத்தேன்."