கடற்காற்றுக்கு நடுவே லாந்தனம் ஆக்சிகுளோரைடு தயாரித்தல்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டிய பகுதியில் உள்ள ஆய்வகத்தில், லாந்தனம் என்ற உலோகம் ஆக்சிஜனோடும் குளோரினோடும் சேர்ந்த சேர்மமான லாந்தனம் ஆக்சிகுளோரைடு தயாரிக்க முனைவோர், உலையைப் பற்றி யோசிக்கும் முன் காற்றின் ஈரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மூலப்பொருளான லாந்தனம் ஆக்சைடு, குப்பி திறந்திருந்தால் நீராவியையும் கரியமில வாயுவையும் ஈர்த்து ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறத் தொடங்கும். முழுவதும் ஹைட்ராக்சைடாகிவிட்டால் எடை ஏறத்தாழ 16.6 விழுக்காடு கூடும். எல்லாமே வெள்ளைப் பொடி என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணக்குதான் பிழையாகும்.

ஆகவே ஆக்சைடை 900 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் சுட்டு, உலர்த்துகலத்தில் ஆறவிட்டு, உடனே 3.26 கிராம் நிறுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வினைக்கணக்கின்படி 1.07 கிராம் அம்மோனியம் குளோரைடு போதும். ஆனால் அது 340 டிகிரியை நெருங்கும்போதே சிதைந்து ஆவியாகிவிடுவதால் 1.6 கிராம் சேர்ப்பது நல்லது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரமும் இதே பொருள்தான் என்றாலும், இங்கு ஆய்வகத் தூய்மையுள்ளதே வேண்டும்.

இரண்டையும் அகேட் கல்வத்தில் நன்கு அரைத்து, மூடியிட்ட அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) 450 டிகிரியில் 2 மணி நேரமும், பின்னர் 800 டிகிரியில் 2 மணி நேரமும் சூடாக்க வேண்டும். அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் வெளியேறும் என்பதால் புகை உறிஞ்சும் வசதி இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. மிகுதி நவச்சாரத்தால் சிறிது லாந்தனம் குளோரைடு உருவாகியிருந்தாலும், அதைச் சூட்டில் நீராவி ஆக்சிகுளோரைடாக மாற்றிவிடும். எடை போடும்போது பகையாக இருந்த ஈரக்காற்று இந்த ஒரு கட்டத்தில் மட்டும் துணைக்கு வருகிறது.

கிடைப்பது நாற்கோணப் படிகம். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமான அதன் அலகுக்கூட்டின் பக்கம் சுமார் 4.12 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), உயரம் 6.88 ஆங்ஸ்ட்ராம். லாந்தனமும் ஆக்சிஜனும் சேர்ந்த அடுக்குகளுக்கு இடையே குளோரைடு அடுக்குகள் அமைய, ஒவ்வொரு லாந்தனத்தையும் 4 ஆக்சிஜனும் 5 குளோரினும் சூழ்ந்திருக்கும். யூரோப்பியம் என்ற தனிமம் சிறிதளவு கலந்தால் புற ஊதாக் கதிரில் சிவப்பாக ஒளிரும். இதன் உடன்பிறப்பான லாந்தனம் ஆக்சிபுரோமைடு, தூலியம் என்ற தனிமம் கலந்த வடிவில் எக்ஸ்ரே படத்தை வலுவூட்டும் திரைகளில் பயன்பட்டது.

கிடைத்த பொருள் சரிதானா என்று பார்க்க, படிகத்தில் பட்டு எக்ஸ்ரே சிதறும் கோணங்களைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படம் எடுக்க வேண்டும். செம்பு இலக்குள்ள எக்ஸ்ரே குழாயைக் கொண்டு எடுத்தால் 25.2, 30.7, 33.9 டிகிரிக் கோணங்களை (2θ) ஒட்டி முகடுகள் தெரிய வேண்டும். 30.0 டிகிரியில் தனி முகடு எழுந்தால் ஆக்சைடு எஞ்சியுள்ளது, அல்லது அதிகச் சூட்டில் குளோரின் இழக்கப்பட்டுள்ளது என்று பொருள், 30.7க்கு மிக அருகில் இருப்பதால் அவசரப் பார்வைக்கு அது தப்பிவிடும். அப்போது இன்னும் சிறிது நவச்சாரம் சேர்த்து அரைத்து மீண்டும் சுட வேண்டும்.