மணலை உறையவைத்துத் தோண்டும்போது விடும் பிழைகள்

காத்தான்குடியிலோ கல்லடியிலோ கிணற்றுக் கொட்டு இறக்கியவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் கண்டதும் மணல் வழியத் தொடங்கும், ஒரு வாளி அள்ளினால் இரண்டு வாளி வந்து நிற்கும். நகரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். அதற்கு ஒரு வழி, ஏறத்தாழ 1 மீற்றருக்கு ஒரு குழாய் இறக்கி, -25 பாகைக்கும் கீழே குளிரூட்டிய கல்சியம் குளோரைட்டுக் கரைசலை வாரக்கணக்கில் ஓடவிட்டு, மண்ணிலுள்ள நீரைப் பனிச்சுவராக்குவது.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இதைச் செய்தால், முதலில் கவிழ்ப்பது உப்பு. கடல்நீர் -1.9 பாகையில் உறையத் தொடங்கும், தொடங்க மட்டுந்தான் செய்யும். பனி உப்பைத் தள்ளிவிடுவதால் எஞ்சிய நீர் மேலும் உப்பேறி, -5 பாகையிலும் மணலுக்கிடையே திரவமாகவே கிடக்கும். வெப்பமானியில் எண் நன்றாக இருக்கும், சுவர் இளக்கமாக இருக்கும். அந்த இடத்து மண்ணையும் நீரையும் எடுத்து உறையவைத்து, அழுத்திப் பார்த்த பிறகே சுவரின் தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது நீரோட்டம். நாளுக்கு 2 மீற்றருக்கு மேல் நிலத்தடி நீர் நகர்ந்தால், குழாய் கொடுக்கும் குளிரை அது கொண்டுபோய்விடும். பக்கத்துக் காணியில் பம்பி ஓடினாலே போதும்.

துளை சரிவதைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை. 20 மீற்றர் ஆழத்தில் 1 சதவீதச் சரிவு 20 சென்ரிமீற்றர். அடுத்தடுத்த இரண்டு குழாய்கள் எதிரெதிராகச் சரிந்தால் அடியில் இடைவெளி 1.4 மீற்றராகும், அங்கே சுவர் மூட ஏறக்குறைய இருமடங்கு காலம் எடுக்கும். ஒவ்வொரு துளையையும் அளந்து, அகன்ற இடத்தில் கூடுதலாக ஒரு குழாய் போடுவதுதான் மலிவு. இறக்கியதும் அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும்: கரைசல் கசிந்த மண் இலேசில் உறையாது.

சுவர் மூடிவிட்டதா என்பதை நாட்கணக்கை வைத்துச் சொல்லக்கூடாது. வட்டக் குழியென்றால் நடுவில் ஒரு நீர்மட்டக் குழாய் வைக்க வேண்டும். உறையும் நீர் 9 சதவீதம் விரியும். சுவர் மூடியதும் உள்ளே அகப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லாமல் அந்தக் குழாயில் மட்டம் ஏறும். ஏறாவிட்டால் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். 2003 யூலையில் ஷங்காய் மெட்ரோ 4ஆம் பாதையில், குளிரூட்டலில் கோளாறு வந்த பின்னும் தோண்டினார்கள். நீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய்ந்து, மேலே கட்டடங்கள் சரிந்தன.

வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தியதோடு போய்விடவும் கூடாது. களி மண் உருகும்போது நீரைக் கக்கி மாதக்கணக்கில் தாழும். விட்டுவைத்த குழாய்களால் சீமெந்துக் கூழைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, மேலேயுள்ள வீட்டுச் சுவர்களின் மட்டத்தை வாராவாரம் அளக்க வேண்டும்.