சங்கிலி ஏணி வழியே துகேலா அருவியின் தலைக்கு: டர்பனிலிருந்து போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையில் உள்ள ஆம்பிதியேட்டர், சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறைச்சுவர். கீழே ராயல் நேட்டால் பூங்காவிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். துகேலா அருவி விழத் தொடங்கும் சுவரின் உச்சிக்கே, சங்கிலி ஏணி வழியாக ஏறிவிட்டால் காட்சி தலைகீழாகிவிடும். அங்கே மரமே கிடையாது. புல்லும், எரிகா என்னும் குட்டைப் புதரும், காலை வைத்தால் அமுங்கும் ஈரச் சதுப்பும் 3,000 மீட்டர் உயரத்தில் பரந்து கிடந்து, ஒரே அடியில் அதலபாதாளத்தில் முடியும்.

எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரியில் அருவி நிறைந்திருக்கும். ஆனால் பிற்பகலானால் இடி மின்னலும் தவறாது. ஜூன், ஜூலையில் வானம் தெளிவு. பாதையில் பனிக்கட்டி உறைந்து வழுக்கும். புரட்டாசி விரதம் தொடங்கும் செப்டம்பரில் அருவி வெறும் நூலிழைதான். சித்திரை பிறக்கும் ஏப்ரல் வாக்கில் தண்ணீரும் மிச்சம் இருக்கும், இடியும் குறைந்திருக்கும். எங்கள் ஓட்டு அதற்கே.

டர்பனிலிருந்து என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித், அங்கிருந்து ஆர்712 வழியே புதாதிச்சாபா, பிறகு விட்சிஸ்ஹூக் மலைவிடுதி. கணவாயில் மூடுபனியும் லாரிகளும் சேர்ந்தே வரும் என்பதால் பகலிலேயே கடந்துவிடுங்கள். முதல்நாள் இரவு விடுதியிலேயே தங்குவது நல்லது. கடல்மட்டத்திலிருந்து நேராக வந்து அன்றைக்கே ஏறினால் தலைவலியும் மூச்சிரைப்பும் பாதி வழியில் உட்கார்த்திவிடும். விடுதிக்கு மேலே சென்டினல் கார் நிறுத்தம் வரைக்குமான சாலை குண்டும் குழியுமானது. தாழ்ந்த கார் என்றால் விடுதியில் விட்டுவிட்டு, அவர்கள் ஏற்பாடு செய்யும் வண்டியில் போங்கள்.

நிறுத்தத்தில் பதிவேட்டில் பெயர், ஆள் எண்ணிக்கை, திரும்பும் நேரம் எழுதாமல் கிளம்பாதீர்கள். ஆபத்து என்றால் தேடி வருகிறவர்களுக்குப் பதிவேட்டின் அந்தப் பக்கம்தான் துப்பு. போகவர 12 முதல் 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் 6 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பி, பிற்பகல் 1 மணிக்குள் ஏணிக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இடிமேகம் வரும்போது இரும்பு ஏணியில் தொங்குவதைவிட மோசமான இடம் அந்த மலையில் இல்லை.

முதலில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. பிறகு 3,165 மீட்டர் சென்டினல் சிகரத்தின் அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு போகும். இடையில் இடுக்குகளில் கீழே ராயல் நேட்டால் பள்ளத்தாக்கு தெரியும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஏணி வந்துவிடும்.

ஏணி இரண்டு கட்டம். சேர்த்து சுமார் 30 மீட்டர். பாறையில் அறைந்த சங்கிலியும் இரும்புப் படிகளும்தான். சில இடங்களில் படி பாறையோடு ஒட்டியிருக்கும். காலின் நுனி மட்டுமே நுழையும். உடம்பைப் பின்னால் சாய்த்தால் ஏணி பாறையை விட்டு விலகி ஆடும், பயமும் கூடும். மார்பை ஏணியோடு ஒட்டி வைத்து, கையால் இழுக்காமல் காலால் எழும்புங்கள். ஏணியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். பையின் பக்கவாட்டில் பாட்டில், பாய் எதுவும் தொங்கக்கூடாது, படியில் மாட்டிக்கொள்ளும். காலைக் குளிரில் இரும்பு கையைக் கடிக்கும், மெல்லிய கையுறை போதும். குழந்தை ஏறினால் பெரியவர் ஒருவர் ஒரே ஒரு படி கீழே, இரு கையாலும் அணைத்தாற்போல் ஏறலாம். ஒருவர் விதிக்கு இது மட்டுமே விலக்கு. இறங்குவதுதான் கடினம்: மேலே நிற்கும்போதே பாறையைப் பார்த்துத் திரும்பி, முதல் படியைக் காலால் துழாவ வேண்டும்.

ஏணியே ஆகாது என்பவர்களுக்குச் சற்று முன்னதாகவே பிரிகிற மலையிடுக்கு ஒன்று உண்டு. உருளும் கல் நிறைந்த செங்குத்து அது. மேலே போகிறவர் தள்ளும் கல் கீழே வருகிறவர் தலைக்கு வரும், நெருங்கி நடங்கள்.

மேலே ஏறியதும் ஒரு நிமிடம் திரும்பி நின்று, ஏணித் தலையைப் படம் எடுத்து, கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மலையேற்றத்தைவிட, மூடுபனியில் இந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. “வழி தப்பினால் ஓடையைப் பின்பற்று” என்ற பழைய புத்தி இங்கே உதவாது. துகேலா ஓடை நேராக விளிம்புக்குத்தான் கூட்டிப் போகும். மூடுபனி இறங்கினால் உட்கார்ந்து காத்திருங்கள்.

ஏணியிலிருந்து அருவித் தலை முக்கால் மணி நேரம். அருவியின் உயரம் 948 மீட்டர் என்று நெடுநாளாகச் சொல்வார்கள்; அதில் இங்கிருந்து தெரிவது மேல்பகுதி மட்டுமே. விளிம்பில் ஈரப் புல் வழுக்கும். குப்புறப் படுத்துத்தான் எட்டிப் பாருங்கள். தெம்பிருந்தால் 3,282 மீட்டர் மோன்ட்-ஓ-சோர்ஸ் சிகரத்துக்கும் போகலாம், ஆனால் நேரக் கணக்கைத் தள்ளிவைக்காமல்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, நெற்றி விளக்கு. மேலே ஆடு மாடு மேய்வதால் ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். மதியத்துக்குப் புளிச்சோறோ ரொட்டிச் சுருளோ கட்டிக்கொள்ளலாம். இரவு கூடாரம் போடுகிறவர்கள் பருப்பை நம்பிப் போகாதீர்கள்: அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. ரவை உப்புமா ஆகும். பூட்ஸைக் கூடாரத்துக்குள் வையுங்கள்.

அருவியை முழுசாகப் பார்க்க மறுநாள் ராயல் நேட்டாலுக்குப் போக வேண்டும். மேலிருந்து கல்லெறியும் தூரம் போலத் தெரிந்தாலும், சாலையில் ஹாரிஸ்மித்துக்குத் திரும்பி, ஆர்74இல் ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் இறங்கிச் சுற்றித்தான் போக முடியும். அங்கே துகேலா கார்ஜ் என்னும் பள்ளத்தாக்கு நடை போகவர சுமார் 14 கிலோமீட்டர். முதல் பாதி சமதளம், கடைசியில் பாறைகளைத் தாண்டி ஆற்றில் கால் நனைக்க வேண்டியிருக்கும். முட்டி வலிக்காரர்கள் இந்த நடையை விட்டுவிட்டு, அதே பூங்காவில் உள்ள கேஸ்கேட்ஸ் அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம்.