பனிக்குப் பனியன் ஆகாது

இருபது வருடமாகப் பருத்திப் பனியன்தான் எனக்குச் சோறு போடுகிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில். அந்தக் கர்வத்தோடு ஒரு டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலைக்கு, ஸ்வெட்டருக்குள் நம்மூர்ப் பனியனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறும்போது வியர்த்துக் கொட்டியது, குளிரே தெரியவில்லை. ஜூடா கா தலாப் முகாமில் பையை இறக்கித் தேநீருக்காக நின்ற பத்தாவது நிமிடம், முதுகில் ஐஸ் பலகையைச் சாத்தியது போலிருந்தது. இரவு கூடாரக் கயிற்றில் தொங்கவிட்ட பனியன் விடிந்தபோது கருவாடாக விறைத்துக் கிடந்தது.

பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு மெல்ல உலரும். நம் வெயிலுக்கு அது வரம். ஆனால் நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். ஈரப் பனியனோடு பனியில் நிற்பவன் கதி அதோகதி.

ஆகவே தெர்மல், அதாவது குளிருக்காக உடம்போடு ஒட்டிப் போடும் உள்ளுடை, வாங்கும்போது முதலில் லேபிளைப் பாருங்கள். கடைகளில் புசுபுசுவென்று விற்கும் பலவற்றில் பருத்தி கலந்திருக்கும். ரயிலில் போர்த்திக்கொண்டு உட்கார அவை போதும், மலையேற உதவாது. பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சாது; வியர்வை துணியின் மேல்பரப்புக்குப் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். விலையும் குறைவு. மூன்றாம் நாள் பக்கத்தில் ஒருவரும் உட்காரமாட்டார்கள் என்பதுதான் குறை. மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி அரிக்காது, லேசாக நனைந்தாலும் சூடு தரும், எளிதில் நாறாது. விலைதான் கையைக் கடிக்கும். நான் நடக்கப் பாலியெஸ்டரும் தூங்க மெரினோவும் வைத்திருக்கிறேன்.

கனமானதே நல்லது என்று நினைக்காதீர்கள். நடக்க 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும். இரவுக்கு 200 முதல் 250.

போட்டுப் பார்க்கும்போது இரு கைகளையும் தூக்கிக் குனியுங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அந்த அளவு வேண்டாம். துணி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் மணிக்கட்டில் தழும்பு விழக் கூடாது. பிறகு உள்பக்கத்தைத் திருப்பித் தோள் தையலை விரலால் தடவுங்கள். ஓவர்லாக் போட்டு வரப்பு மாதிரி எழும்பியிருந்தால், பைப்பட்டை அழுத்தி அழுத்திச் சாயங்காலத்துக்குள் தோல் உரிந்துவிடும். தட்டையான ஃபிளாட்லாக் தையலாக இருக்க வேண்டும்.

தெர்மலுக்குள்ளே பழக்கதோஷத்தில் பனியன் போடாதீர்கள், செலவழித்ததெல்லாம் வீண். கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும், பத்து நிமிட ஏற்றத்தில் சரியாகிவிடும். முகாம் சேர்ந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் ஈர உடையைக் கழற்றிவிடுங்கள். தூங்கும் ஜோடி பிளாஸ்டிக் உறையில் தனியாக இருக்கட்டும். அதை நடக்கும்போது தொடவே கூடாது.

மெரினோவைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் விரித்துக் காய வையுங்கள். துணி தெரிந்தவன் என்ற மிதப்பில் ஒன்றை வெந்நீரில் ஊறப்போட்டு அடித்துத் துவைத்தேன். இப்போது அதை என் பத்து வயது மகள் போட்டுக்கொள்கிறாள்.