நுரையீரல் சிடி எண்கள்: ஐசிசி 0.9 தாண்டியதும் குஷியாகிவிடாதீர்கள்

ரேடியோமிக்ஸ் (ஸ்கேன் படங்களை எண்களாக்கி ஆராயும் துறை) பக்கம் புதிதாக வருகிறவர்களின் எக்செல் தாள்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. நுரையீரல் புற்றுக்கட்டியைச் சிடியில் கோடு போட்டுப் பிரித்து, பைரேடியோமிக்ஸ் மென்பொருளில் ஓட்டி, ஒரு நோயாளிக்கு ஆயிரத்துக்கு மேல் எண்களோடு (ஃபீச்சர்கள்) வந்து நிற்பார்கள். மறுபடி அளந்தாலும் அந்த எண் ஒத்துவருகிறதா என்று காட்டும் அளவுகோல்தான் தலைப்பில் உள்ள ஐசிசி. எங்கள் செட்டு அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகள்தான் பெரும்பாலும். நோயாளி எண் குழம்பியது, ஃபைல் மாறியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் வெளியே வந்துவிடும். கண்ணில் படாமலே பேப்பர் வரை போய்விடுகிறவைதான் இங்கே.

பிஎன்ஜி படத்தில் கணக்குப் போடுவது

வேண்டாம். விண்டோ வைத்து (கண்ணுக்குத் தெரிய வேண்டிய வீச்சை மட்டும் வெட்டி) சேமித்தபோதே ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் (சிடி அளந்த அடர்த்தி) போய்விட்டது. கருவியிலிருந்து வரும் டைகாம் ஃபைலில் தொடங்குங்கள்.

15 நிமிடச் சோதனையை எல்லாவற்றுக்கும் இழுப்பது

ரைடர் என்ற நுரையீரல் சிடித் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 32 நோயாளிகள், சுமார் 15 நிமிட இடைவெளியில், அதே கருவியில் இரண்டு ஸ்கேன். அதற்குள் கட்டி வளர்ந்திருக்காது. எண் மாறினால் அது அளவீட்டின் ஆட்டம்தான். அருமையான தரவு. ஆனால் அது மெல்லிய ஸ்லைஸ் (சிடியின் ஒரு வெட்டு), ஒரே நெறிமுறை. அதில் தேறிய ஃபீச்சர்களை எடுத்துக்கொண்டு, பல மருத்துவமனைகளிலிருந்து வந்த 5 மி.மீ. ஸ்லைஸ்களில் போட்டு, "நம்பகத்தன்மை ஏற்கெனவே நிரூபணமானது" என்று எழுதுகிறார்கள். அதே ரைடர் நோயாளிகளின் படங்களை 1.25, 2.5, 5 மி.மீ. ஸ்லைஸ்களிலும் இரண்டு கெர்னல்களிலும் (படத்தை மென்மையாகவோ கூர்மையாகவோ ஆக்கும் வடிகட்டி) உருவாக்கிப் பார்த்த ஆய்வு 2016-லேயே வந்துவிட்டது: மென்மையான கெர்னலையும் கூர்மையான கெர்னலையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் முடிவு. 2015-ல் ஒரு ஃபேன்டத்தை (சோதனைக்கான மாதிரிப் பொருளை) 17 சிடி கருவிகளில் வைத்துப் பார்த்தபோது, சில ஃபீச்சர்கள் நோயாளிக்கு நோயாளி வேறுபடும் அளவுக்குக் கருவிக்குக் கருவி வேறுபட்டன.

5 மி.மீ. படத்தை 1 மி.மீ.க்கு மாற்றிவிட்டேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். இடையில் முளைத்த வோக்சல்கள் (படத்தின் முப்பரிமாணப் புள்ளிகள்) ஊகம்தான்.

ஐசிசி அதிகம், ஆகவே நல்ல ஃபீச்சர்

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். வழக்கமான பாதை: ஐசிசி பார், 0.9-க்குக் கீழே இருப்பதைத் தள்ளு, மிச்சத்தை வைத்து உயிர்பிழைப்பு மாடல் (நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணிப்பது) கட்டு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. அந்த வடிகட்டி எதை உள்ளே விடுகிறது என்றுதான் யாரும் பார்ப்பதில்லை.

மொத்த வேறுபாட்டில் நோயாளிகளுக்கு இடையிலான வேறுபாடு எவ்வளவு பங்கு என்பதே ஐசிசி. ஒரே குழுவில் 1 செ.மீ. கட்டியும் இருக்கும், 8 செ.மீ. கட்டியும் இருக்கும். விட்டம் 8 மடங்கு என்றால் கனஅளவு 512 மடங்கு. இவ்வளவு பெரிய வீச்சுக்கு முன்னால், இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே எண் 20 சதவீதம் ஆடினாலும் ஐசிசிக்கு அது தூசு. எனவே கட்டியின் கனஅளவோடு (வால்யூம்) கூடவே வளரும் எந்த எண்ணும் சுலபமாகத் தேறிவிடும். கனஅளவைச் சாராத நுண்ணிய டெக்ஸ்சர் (கட்டிக்குள் மதிப்புகள் அமைந்திருக்கும் விதம்) எண்கள்தான் தடுமாறி வெளியேறும். நம்பகமானதைத் தேடப் போய், கட்டியின் அளவையே பல பெயர்களில் அள்ளிக்கொண்டு வருகிறோம்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அட்டவணையோடு வந்தார். "சார், எல்லா ஃபீச்சரும் 0.95-க்கு மேல." சரி, இதில் வால்யூம் எங்கப்பா என்று கேட்டேன். "அது ரொம்பச் சாதாரணமா இருந்துச்சு, எடுத்துட்டேன் சார்." உட்கார்ந்து வால்யூமை முதல் நெடுவரிசையாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறதா என்று ஸ்பியர்மன் கணக்குப் போட்டோம். ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாமே அதன் நிழல். வால்யூமை மட்டும் வைத்து ஓட்டிய மாடல், அவருடைய மாடலுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை.

பெரியவர்களுக்கும் நடந்ததுதான். 2014-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்து இந்தத் துறையையே கிளப்பிவிட்ட ஆய்வு, 440 ஃபீச்சர்களிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்தது. ரைடர் சோதனையும் அந்தத் தேர்வில் ஒரு படி. 2019-ல் டொரொண்டோவிலிருந்து வந்த ஆய்வு, கட்டிக்குள் இருந்த வோக்சல் மதிப்புகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துப் போட்டு அந்த நான்கு ஃபீச்சர் மாடலையே மறுபடி ஓட்டியது. டெக்ஸ்சர் அழிந்த பிறகும் கணிப்புத் திறன் குறையவில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது கனஅளவு.

ஆகவே வால்யூமை முதல் நெடுவரிசையில் வையுங்கள், தூக்காதீர்கள். உங்கள் மாடல் அதைத் தனியாக வைத்த மாடலை வெல்கிறதா என்று காட்டுங்கள். ஐசிசியோடு நிற்காமல், ஒரே நோயாளிக்குள் எண் எத்தனை சதவீதம் ஆடுகிறது என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கலைத்துப் போடும் சோதனையையும் செய்யுங்கள். பத்து வரி நிரல்தான்.

எல்லைக்கோட்டை லேசாக எடுத்துக்கொள்வது

எனர்ஜி என்ற ஃபீச்சரைப் பாருங்கள். வோக்சல் மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டுவது, அவ்வளவுதான். திசு சுமார் 40 ஹவுன்ஸ்ஃபீல்ட், வர்க்கம் 1,600. கோடு கொஞ்சம் வெளியே தள்ளி, காற்று நிறைந்த நுரையீரலின் −800 உள்ளே வந்தால் வர்க்கம் 6,40,000. ஓரத்தில் நுழைந்த ஒரு வோக்சல், கட்டியின் 400 வோக்சல்களுக்குச் சமம்! பைரேடியோமிக்ஸில் இதற்கென்றே எண்களை நகர்த்தும் அமைப்பு இருக்கிறது. நீங்கள் மாற்றாதவரை அது பூஜ்யம்தான். கோட்டை 1 மி.மீ. உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி எண்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

பின் அகலம்

டெக்ஸ்சர் கணக்குக்கு முன் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களைப் படிகளாகப் பிரிக்கிறீர்கள். ஒரு படியின் அகலம் எத்தனை வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

காம்பேட் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

கருவிக்குக் கருவி வரும் வித்தியாசத்தை எண்களிலிருந்து நீக்கும் புள்ளியியல் முறைதான் காம்பேட். ஒரு மருத்துவமனைக்கு முற்றிய நிலை நோயாளிகளே அதிகம் வருகிறார்கள் என்றால், கருவியின் வித்தியாசம் என்று காம்பேட் துடைத்தெடுப்பதில் நோயின் வித்தியாசமும் சேர்ந்து போய்விடும். நோயின் நிலையைக் கோவேரியட்டாக (துடைக்காமல் கணக்கில் வைக்க வேண்டிய மாறியாக) கொடுங்கள். ஒரு கருவியிலிருந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான் என்றால் அவர்களைக் காம்பேட்டுக்குள் இழுக்காதீர்கள், தனியாக வைத்துப் பாருங்கள்.