மெட்டலில் பங்க் கலக்கும்போது எங்கே கெட்டுப்போகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மெட்டல், பங்க் என்ற இரண்டு முரட்டு ராக் இசை வகைகளையும் கலந்து ஆல்பம் போடத் துடிக்கிற, படகில் வேலை செய்யும் பையன்களுக்கு அந்த 61 நாள்தான் வாய்ப்பு. ஒலிப்பதிவுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். சுருதி சேருங்கள் என்றெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

டிரம்ஸைக் கிளிக்கோடு ஒட்டவைப்பது

கிளிக் என்பது வேகம் தப்பாமலிருக்கக் காதில் ஓடும் டிக்-டிக் ஓசை. ஒவ்வொரு அடியையும் அதோடு ஒட்டவைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. போன தடைக்காலத்தில் ஒரு குழு. டிரம்ஸ் வாசித்த தம்பி படகில் வேலை செய்கிறவன். டி-பீட் என்ற பங்க் தாளத்தை அருமையாக ஓட்டினான். ஸ்னேர் டிரம் நாலு எண்ணிக்கையில் 2லும் 4லும் விழ, காலால் அடிக்கும் கிக் டிரம் நடுவே இடறி இடறி முன்னால் தள்ளும். டிஸ்சார்ஜ் என்ற பங்க் குழு 1982 ஆல்பத்தில் ஓட்டிய அந்தத் தாளத்தைத்தான் ஸ்வீடன் டெத் மெட்டல்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, மாறும் இடத்தில் தம்பியின் வேகம் கொஞ்சம் எகிறும். பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக அடியிலிருந்து திரும்பும்போது கொஞ்சம் தளரும். பாட்டுக்கு உயிரே அதுதான்.

அவன் கூட்டாளி லேப்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் இழுத்துக் கிளிக்கில் ஒட்டினான். ஸ்னேர் ஓசையையும் தூக்கிவிட்டு ரெடிமேட் ஓசையை வைத்தான். எந்த அடிக்கும் வித்தியாசமில்லை, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. அதன்மேல் கிதார், குரல் எல்லாம் பதிந்து முடித்த பிறகு, "அண்ணே, என்னமோ உசுரில்லண்ணே" என்று வந்தார்கள். திருத்தாத முதல் பதிவை, மூல டேக்கைக் கொடுங்கள் என்று கேட்டேன். டிஸ்கில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டார்களாம். மறுபடி வாசிக்கலாம் என்றால் தடைக்காலம் முடிந்து தம்பி கடலுக்குப் போய்விட்டான்.

நேபாம் டெத்தின் 1987 ஆல்பம் 'ஸ்கம்' கேளுங்கள். இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் ஆட்கள் வேறு. டிரம்மர் மிக் ஹாரிஸ் மட்டும் இரண்டிலும் இருக்கிறார். பிளாஸ்ட் பீட் அங்கங்கே வழுக்கும். எனக்கு அதைக் கேட்டால் பயம் வருவதே அதனால்தான்.

கிளிக் வேண்டுமா, சரி, பகுதிக்குப் பகுதி வேகத்தை மாற்றி வையுங்கள். இல்லையென்றால் டிரம்ஸும் ரிதம் கிதாரும் ஒரே அறையில் முகம் பார்த்து வாசிக்கட்டும். தப்பிய அடியை மட்டும் திருத்துங்கள். மூல டேக்குகளை இரண்டு டிஸ்கில் வையுங்கள்.

பெடலை முழுக்கத் திருகுவது

ஸ்வீடன் டெத் மெட்டல் குழு என்டூம்டின் 1990 ஆல்பம் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவானது. அதில் கேட்கும், பாஸ் (Boss) கம்பெனியின் ஹெச்எம்-2 என்ற கிதார் பெடலின் அந்த ரம்ப ஓசைக்கு ஆசைப்பட்டு எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகிவிடுகிறார்கள். அப்புறம் குரலுக்கு இடமே இருக்காது. பங்க் ரிஃப்பில் கை கம்பியை அடிப்பது கேட்க வேண்டும். அந்தப் பெடலை ஒரு கிதாருக்கு மட்டும் போடுங்கள்; மற்ற கிதாருக்குக் கரகரப்பை, டிஸ்டார்ஷனைக் குறையுங்கள்.

சுவரில் தெர்மாகோல்

ஒலியை அடக்காது. பழைய மெத்தையைச் சாத்துங்கள்.

துருப்பிடித்த கம்பி

உப்புக்காற்று சும்மா விடாது. பதிவுக்கு முன்னால் புதுக் கம்பி.

இரவல் வரிகள்

வெளிநாட்டு மெட்டல் பாட்டுகளில் வரும் சாத்தானை விடுங்கள். பிடித்துக்கொண்டு போன படகைப் பற்றிக் கத்துங்கள். வரிகள் குட்டையாக இருக்கட்டும். உறுமும்போது க, ட, ற எல்லாம் நன்றாக வெடிக்கும். மெல்லின எழுத்துகள் அமுங்கிப்போகும். எழுதிய வரியை மைக் வைப்பதற்கு முன்னால் டிரம்ஸோடு சேர்த்துக் கத்திப் பாருங்கள், புரியாத சொல்லை அங்கேயே மாற்றிவிடலாம்.